துண்டுக்கடியில் முடிந்த விலை

குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலை இறங்க, உயிர் ஒன்றுக்குப் பன்னிரண்டு அணா. மடியில் உட்காரும் குழந்தை என்றால் அதில் பாதி. ஏலக்காய் மூட்டைக்கு மட்டும் முழு ரூபாய், ஏனென்றால் மூட்டை நசுங்கினால் யாராவது நஷ்டம் கேட்டு வருவார்கள்.

இந்த விலையை வகுத்தவர் சென்னியப்பன். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர். குடும்பத்துக் கடலை வியாபாரத்தை அண்ணன் குப்பண்ணனிடம் விட்டுவிட்டு, மனைவி மயிலாத்தாளையும் ஒரு தராசையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்து ஏலக்காய்க் கடை போட்டவர். கடை நிமிர்ந்ததும் ஏலப்பாறையில் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தேயிலைத் துரையிடம் பழைய பிளஷர் காரை வாங்கினார். மெத்தை வைத்த ஆசனத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்தார். எட்டுப் பேரும் நாலு மூட்டையும் ஏறினால்தான் வண்டி நகரும் என்று சட்டம் போட்டார்.

வண்டியின் பின் அச்சு அந்தச் சட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. துரை, துரைசானி, ஒரு நாய் என்ற கணக்குக்குச் செய்த அச்சு அது. ஆடி மாதத்தில் ஒரு காலை, சுங்கச் சவுக்கைக்கு முன்னால், சமதரையில், படக்கென்று முறிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதே முறிவு நூறு கஜம் தள்ளி இறக்கத்தில் நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. வண்டிக்குப் பிரேக்கு பின்சக்கரங்களில் மட்டும்தான். பின்சக்கரம் கழன்றால் பிரேக்கும் கூடவே போய்விடும்.

"மொதலாளி, இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிப் போட்டா அதுவும் இதே மாதிரித்தான் போகும்" என்றான் டிரைவர் சின்னமுத்து. ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்தவன், முப்பது வயது, துரையிடமே வண்டி ஓட்டக் கற்றவன். "லாரி அச்சாப் போட்டுருவோம். அதுல பாரத்தை வெளிக்கூடு தாங்கிக்கிரும். உள்ள இருக்க தண்டுக்குச் சுத்துறது மட்டுந்தான் சோலி."

"வேகம் கொறையுமாமே?"

"கொறையும். எறக்கத்துல வேகம் எதுக்கு மொதலாளி? எமனுக்குத் தந்தி கொண்டு போற வேலையா பாக்குறோம்?"

சென்னியப்பன் சிரித்தார். ஆவணி முதல் வாரத்தில் தொண்ணூற்றைந்து ரூபாயை இடுப்பில் முடிந்துகொண்டு, சின்னமுத்துவையும் அழைத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கினார்.

கம்பத்தில் பிச்சைமணி என்று ஒருவர், செத்த வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்பவர். அவர் கொட்டகையில் லாரி அச்சுகள் இரண்டு கிடந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று துருவும் எண்ணெயுமாகப் பழுப்பேறிக் கிடந்தது. மற்றது புதிதாகத் தார் பூசிக் கருகருவென்று மின்னியது.

"வாங்க கவுண்டரே, மொதல்ல மோரு குடிங்க. வெலையக் கேட்டப்புறம் தொண்டையில எறங்காது" என்றார் பிச்சைமணி.

"மோருக்கு எவ்வளவுங்க? அதையும் சேத்தியே சொல்லிப்போடுங்கோ."

தோள் துண்டை எடுத்துப் பிச்சைமணி தன் வலது கையின் மேல் போட்டார். சென்னியப்பன் தன் கையை அதற்குள் நுழைத்தார். மாட்டுச் சந்தையிலும் ஏலக்காய்ச் சந்தையிலும் உள்ள வழக்கம்தான். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும், மேலே வாய்கள் மழையைப் பற்றிப் பேசும். ஒரு விரல் பத்து. விரலில் பாதியைப் பிடித்தால் ஐந்து. முடிந்த விலை இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பவன் கேட்பது மரியாதையில்லை.

முதலில் பழுப்பு அச்சு. பிச்சைமணியின் விரல்கள் தொண்ணூறு என்றன. சென்னியப்பன் ஐம்பது என்றார். தொண்ணூறு. ஐம்பத்தைந்து. தொண்ணூறு. மேலே வைகையில் வெள்ளம் வந்தது, மதுரையில் நெல் விலை ஏறி இறங்கியது, வெற்றிலை இரண்டு வாய் போட்டாயிற்று. கீழே பிச்சைமணியின் கை உலர்ந்து, உறுதியாக, தொண்ணூறிலேயே நின்றது.

இடுப்பில் பணம் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்து வாங்குவது சென்னியப்பன் வம்சத்தில் நடந்ததில்லை, கடலையிலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை. அவர் துண்டை உதறினார்.

"அப்போ இதைப் பாருங்க" என்று பிச்சைமணி கருப்பு அச்சைக் காட்டினார். "ரெண்டும் ஒரே தாய் புள்ளைகதான்."

மறுபடி துண்டு விழுந்தது. தொண்ணூறு என்று தொடங்கின விரல்கள். வீம்புக்கு முப்பது என்றார் சென்னியப்பன். உடனே அறுபது வந்தது. சென்னியப்பனின் விரல்கள் ஒரு கணம் திகைத்தன. நாற்பது என்றார். ஐம்பது வந்தது. நாற்பத்தைந்தில் முடிந்தது. மழையைப் பற்றி எடுத்த பேச்சு பாதியில் நின்றுவிட்டது, அத்தனை சீக்கிரம்.

பிச்சைமணியின் உள்ளங்கை நனைந்திருந்தது.

அந்த ஈரம் என்ன சொல்கிறது என்று சென்னியப்பனுக்குத் தெரியாமல் இல்லை. ஏலக்காயில் இப்படி விலை சரிந்தால் அவர் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவுவார், போன வருஷத்துக் காயை மேலே இழுத்துப் போட்டு விற்றவன் முகத்தைப் பார்ப்பார். இங்கே தாரை நகத்தால் கொஞ்சம் சுரண்டினால் போதும். கையை அச்சின் மேல் வைத்தார். வைத்த கையை அப்படியே எடுத்தார். கண்ணால் பார்க்காதவரைக்கும் அது நாற்பத்தைந்து ரூபாய் லாபம். பார்த்துவிட்டால் மறுபடி தொண்ணூறு. இரும்பு என்ன ஏலக்காயா, பூசணம் பிடிக்க, என்று மனசுக்கு ஒரு வெல்லத்தையும் கொடுத்தார்.

வழக்கப்படி தள்ளி நின்றிருந்த சின்னமுத்து ஓடி வந்தான். "எது முடிஞ்சது மொதலாளி?"

"கருப்பு."

"எம்புட்டுக்கு?"

கேட்கக் கூடாத கேள்வி. சந்தேகத்தில் கேட்கவில்லை, ஆசையில் கேட்டான். எஸ்டேட்டில் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு தொகை வேண்டியிருந்தது. சென்னியப்பனும் மறுத்திருக்கலாம். ஆனால் டிரைவரின் முகம் அப்போது இருந்த இருப்பைப் பார்த்து, வாய் தானாக, "தொண்ணூறு" என்றது.

சின்னமுத்து அச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

குமுளிப் பட்டறை ஆசாரி நாலு நாளில் பொருத்திக் கொடுத்தார். அதன் பிறகு குமுளிக் கடைவீதியில் சின்னமுத்து பேச்செல்லாம் அந்த அச்சுத்தான். "எங்க மொதலாளி நம்ம உசுரை நெனைச்சுத் தொண்ணூறு ரூவாக்கு இரும்பு போட்டிருக்காக. மலையே வந்து ஏறி உக்காந்தாலும் தாங்கும்." ஆட்கள் நம்பி ஏறினார்கள். வண்டி ஐப்பசி வரை ஓடியது. சென்னியப்பனே அந்த ஈரக்கையை மறந்துபோனார். இரும்பு மறக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலை, மூன்றாவது வளைவில் அச்சுக்கூட்டின் வலது முனை ஒடிந்தது. சக்கரம் தனியாகப் பள்ளத்துக்குள் போயிற்று. பிரேக்கு அதோடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் சாய்ந்த வண்டியைச் சின்னமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்கி மலைப்பக்கம் திருப்பி, பாறையில் கொண்டுபோய் மோதினான். ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. மூட்டைகளில் இரண்டு பள்ளத்தில். முன்பக்கம் உள்ளே நசுங்கி வந்து சின்னமுத்துவின் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

அவனைக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு, சேதி கேட்டு வந்த சென்னியப்பன் ஒடிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். ஒடிந்த வட்டத்தில் ஒரு பாதி வெள்ளியாய் மின்னியது. மறு பாதி கரியாக இருந்தது. அந்தப் பாதி இன்றைக்கு ஒடியவில்லை. தீப்பிடித்த லாரியின் அச்சு அது. பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்திருக்கிறார்கள், அப்போதே கீறல் விட்டிருக்கிறது, மேலே தார் பூசியிருக்கிறார்கள். ஆசாரி வந்து பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஆசாரி வருவதற்குள் இரண்டு கூலியாட்களை வைத்து அச்சைப் பள்ளத்தில் தள்ளினார் சென்னியப்பன். கேட்டவர்களிடம், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்.

பிச்சைமணியிடம் சண்டைக்குப் போகலாம் என்று நினைத்தார். போய் என்ன கேட்பது? எல்லாம் துண்டுக்கடியில் சொல்லிவிட்டேனே கவுண்டரே என்பார்.

ஆஸ்பத்திரியில் சின்னமுத்துவின் கால் பலகையில் கட்டிக் கிடந்தது. எலும்பு சேரும், முழங்கால் இனி மடங்காது என்றார்கள். மடங்காத காலோடு வண்டி ஓட்ட முடியாது. அவன் மனைவி சின்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். சென்னியப்பனைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுத்துக்கப்பா."

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். அச்சு மேல குத்தமில்ல. தொண்ணூறு ரூவா இரும்பு அது, தானா ஒடியாது. நாந்தான்..." அவன் மூச்சு வாங்கினான். "சவுக்கையத் தாண்டினதும் ரெண்டு பேரு கை காட்டுனாக. ஏத்திக்கிட்டேன். எட்டணா எட்டணா வாங்கி மடியில வச்சுக்கிட்டேன், உங்களுக்குத் தெரியாம. அந்தப் பாரந்தான் ஒடிச்சிருச்சு."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாலு வார்த்தைதான். "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

"ஆகட்டும்னா எப்படி? மாசம் ரெண்டு ரூவா சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"பிடிச்சுக்கங்க மொதலாளி" என்றாள் சின்னத்தாய், விசிறியை நிறுத்தாமல். "இல்லாட்டி இந்த மனுசன் தூங்க மாட்டாரு. ஏற்கெனவே விடிய விடிய மனசுக்குள்ள அந்த ரெண்டு பேரை எறக்கி விட்டுக்கிட்டே கெடக்காரு."

கார்த்திகையிலிருந்து சின்னமுத்து கடைத் தராசில் உட்கார்ந்தான். டிரைவர் சம்பளம் இருபது, தராசுச் சம்பளம் பதினைந்து, அதில் பிடித்தம் இரண்டு. முதல் மாதம் பதின்மூன்று ரூபாயை எண்ணிக் கொடுத்த அன்று இரவு சென்னியப்பன் இலை முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங்க" என்றாள் மயிலாத்தாள், ரசத்தை ஊற்றியபடி. "கால் போனவன் கிட்ட ரெண்டு ரூவா புடிச்சு நாம என்ன மாடி ஊடா கட்டப் போறோம்?"

"அவனேதான் புடிச்சுக்கச் சொன்னான்."

"சொன்னா, புடிச்சுக்கறதா? அவன் கெணத்துல குதிக்கறேன்னு சொன்னா கயிறு வித்துப்போடுவீங்களாட்ட இருக்குது."

அவள் தெரிந்து சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது. பிடிக்காமல் விட்டால் ஏன் என்று சின்னமுத்து கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்க மாதம் இரண்டு ரூபாய் சின்னமுத்துவே கட்டிவந்தான். இப்படி ஒரு வியாபாரத்தைச் சென்னியப்பன் பார்த்ததே இல்லை. சரக்கு அவருடையது, பழி அவருடையது, இரண்டுக்கும் காசு கொடுப்பவன் வேறொருவன்.

பங்குனிக் கடைசியில் வண்டியை மறுபடி ஓட்டுவது என்று முடிவாயிற்று. முன்பக்கத்தை ஆசாரி தட்டி நேராக்கிவிட்டார். சுடலை என்று புது டிரைவரும் கிடைத்துவிட்டான். அச்சுத்தான் பாக்கி.

"நீயும் வா. பாத்து எடுக்கோணும்" என்றார் சென்னியப்பன்.

"நான் பாத்துச் சொல்லி, அதுவும் ஒடிஞ்சா?"

"வாப்பா."

மாட்டுவண்டியில் இறங்கினார்கள். பிச்சைமணியின் கொட்டகையில் அந்தப் பழுப்பு அச்சு அதே இடத்தில் கிடந்தது. மடங்காத காலை நீட்டிப்போட்டுத் தரையில் உட்கார்ந்து, சின்னமுத்து சுத்தியலால் கூட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டு போனான். மணி போல ஒரே சத்தம் வந்தது. பல்சக்கரப் பெட்டியைத் திறந்து விரலால் ஒவ்வொரு பல்லையும் தடவினான். தண்டுகளை உருவி, தரையில் உருட்டி, வளைவு இருக்கிறதா என்று கண்ணை ஒடுக்கிப் பார்த்தான். சென்னியப்பன் மறுபக்கம் குந்தி உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், மறுபடி சுரண்டினார்.

"என்ன மொதலாளி, ஏலக்காயா இது, மோந்து பாக்குறீக?"

அவர் இன்னொரு தரம் முகர்ந்தார்.

"நல்ல சாமான். இதுதான் நமக்கு வேணும்" என்றான் சின்னமுத்து.

பிச்சைமணி துண்டைப் போட்டார். ஆள் சிக்கியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. விரல்கள் நூற்றுப்பத்து என்றன. சென்னியப்பனின் விரல்கள் அதே நூற்றுப்பத்தைத் திருப்பிப் பிடித்தன. கையை வெளியே எடுத்தார்.

துண்டு கீழே விழுந்தது. கொட்டகையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு குறுகிய பேரத்தைக் கம்பத்தில் எவரும் கண்டதில்லை. பிச்சைமணிக்கே பயம் வந்துவிட்டது.

"கவுண்டரே, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க. பணத்தை எண்ணிக்குங்கோ."

"இல்ல, அன்னைக்கு இதே சாமானைத் தொண்ணூறுக்குச் சொன்னேன். என்னமோ உங்க சொத்தைக் கேட்ட மாதிரி துண்டை ஒதறிட்டுப் போனீக. இன்னைக்கு நூத்திப்பத்தைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கிறீக." முடிந்த விலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்ற நினைப்புக்கூட அவருக்கு வரவில்லை. "பத்து ரூவா கொறைச்சாவது கேளுங்க. மனசு என்னமோ மாதிரி இருக்கு."

சின்னமுத்து சுத்தியலைத் தரையில் வைத்தான்.

திரும்பும்போது வண்டியில் அச்சும் சின்னமுத்துவும் இருந்தார்கள். ஏற்றம் தொடங்கியதும் பாரம் குறைக்க வண்டிக்காரன் இறங்கி மாட்டோடு முன்னால் நடந்தான். சென்னியப்பன் பின்னால் நடந்தார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் சின்னமுத்துவின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"மொதலாளி. இந்த அச்சு அன்னைக்குத் தொண்ணூறாம்ல?"

"ஆமா."

"நாம எடுத்த கருப்பும் தொண்ணூறுன்னீக."

"சொன்னேன்."

"ரெண்டும் ஒரே வெலைன்னா எதுக்கு இதை விட்டுட்டு அதை எடுத்தோம்?"

மூச்சு வாங்கியது, ஏற்றத்தில் பேசக் கூடாது என்று சாக்குச் சொல்லலாம். சென்னியப்பன் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார். "அது நாப்பத்தஞ்சு" என்றார்.

சின்னமுத்து பக்கத்தில் கிடந்த அச்சின் மேல் கையை வைத்தான்.

"ஒடைசல்னு தெரியுமா?"

"கண்ணுல பாக்கலப்பா."

"பாத்தீகளான்னு கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்."

"அவன் கை நனைஞ்சிருந்துது" என்றார் சென்னியப்பன். "என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் தெரிஞ்சுக்காம வந்துட்டேன். ஒடிஞ்சது பாதி பழைய கீறல். அதை நாந்தான் பள்ளத்துல தள்ளியுட்டேன்."

சின்னமுத்து மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி, வேறு பக்கமாக வைத்துக்கொண்டான். கோபப்படுவான், கீழே இறங்குகிறேன் என்பான் என்று சென்னியப்பன் காத்திருந்தார். அவன் குரல் தராசில் எடை சொல்கிற குரலாகத்தான் வந்தது.

"பிடிச்ச காசு அஞ்சு மாசத்துக்குப் பத்து ரூவா. அந்த ரெண்டு பேர்கிட்ட நான் வாங்கி மடியில வச்சது ஒரு ரூவா, அது உங்களது. கழிச்சா ஒம்போது. கடைக்குப் போனதும் குடுங்க."

"நூறாத் தர்றேன். அதுக்கு மேலயும்..."

"கணக்குல இல்லாததைக் குடுக்காதீக. நூறை வாங்கிட்டேன்னா இன்னைக்கே நீங்க நிம்மதியாத் தூங்கிருவீக." அவன் எதிரே சரியும் பள்ளத்தைப் பார்த்தான். "நான் அஞ்சு மாசமா அந்த ரெண்டு பேரை மலையில ஏத்தி எறக்கிக்கிட்டே கெடந்தேன். அதுல ஒருத்தர் கெழவரு. அவருக்கு நான்தான் எமன் ஆயிருப்பேன்னு நெனைச்சு நெனைச்சு..." முழங்காலைத் தடவிக்கொண்டான். "சம்பளம் பதினஞ்சு. இனிமே இருவது. இதுல பேரமில்ல."

"சரி."

"நான் இருக்க மட்டும்."

"சரிப்பா."

"இன்னும் ஒண்ணு. சின்னத்தாய்கிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா. எங்க மொதலாளி அப்படிப்பட்டவுக இல்லைம்பா."

அதற்கு மட்டும் சென்னியப்பனால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வளைவு வரும்வரை நடந்தார். பிறகு சரி என்று சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில் குமுளிக்கு வந்தார்கள். அச்சை இறக்கி வைத்தார்கள். சென்னியப்பன் ஒன்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். சின்னமுத்து மறுபடி எண்ணினான். இதற்கு முன் அவன் அவர் கொடுத்த காசை எண்ணி வாங்கியதில்லை. மாத உயர்வு ஐந்தையும் வாங்கி முடிந்துகொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தான். சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார், சின்னத்தாயிடம் சொல்ல.

அவன் வீடு கடைவீதி முடிகிற இடத்தில். போகும் வழியெல்லாம் அவர் மனசு, வேண்டாம் என்றாலும், கூட்டிக்கொண்டே வந்தது. மாதம் ஐந்து, வருஷத்துக்கு அறுபது. ஆளுக்கு முப்பது வயது, அறுபது வரை என்று வைத்தால் ஆயிரத்து எண்ணூறு. அதற்கு முன்னாலேயே அவன் போய்விட்டால் அவ்வளவும் குறையும் என்று மனசு ஒரு கழித்தலையும் போட்டுவிட்டது. சென்னியப்பன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். முன்னால் தடிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. கழித்ததைத் திரும்பக் கூட்டினார். கழித்த நினைப்புக்கு என்ன தொகை போடுவது என்று மட்டும் தெரியவில்லை.

பிடித்த பத்தில் ஒன்று போக ஒன்பது, தீர்ந்தது. இந்த மாதத்து ஐந்து, கொடுத்தாயிற்று. மீதியெல்லாம் பாக்கி.